ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் ஆன்டிபயாட்டிக்: ஓசோன் எதுவரை கைகொடுக்கும்? (கேள்வி பதில்)

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆஸ்பத்திரி எஸ்.டி.பி.களை, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடமாக என் வேலை. கழிவுநீரில் மிஞ்சும் ஆன்டிபயாட்டிக்கை ஓசோன் வாயு விட்டு உடைப்பது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

செல்லூர், கல்லூரி மாணவி: மாத்திரை உடம்பிலேயே கரைந்துவிடுமே? சாக்கடைக்கு எப்படிப் போகிறது?

கரையும், ஆனால் முழுக்க அழியாதும்மா. அமாக்சிசிலின் சாப்பிட்டால் பாதிக்கு மேல் மருந்தாகவே சிறுநீரில் இறங்கிவிடும். எஸ்.டி.பி.யில் காற்று ஊதும் ஏரேஷன் டேங்கில் இருக்கும் நுண்ணுயிர்கள் சோறு, எண்ணெய், சோப்பு என்று தின்று பழகியவை. சல்ஃபாமெத்தாக்சசோல் மாதிரி மருந்தை அவை அரைகுறையாகத்தான் சிதைக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் பெரும்பாலும் டேங்கில் படியும் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். மிஞ்சுவது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான். அந்த அளவு எந்த நோயையும் குணப்படுத்தாது. ஆனால் மருந்துக்கு அசையாத கிருமி மற்றதை முந்திக்கொண்டு பெருக அது போதும்.

ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் ஓர் ஆய்வு சொன்னது. மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் இருப்பதைவிட அது அதிகம். ஊர்ச் சாக்கடை அந்த நிலைக்குப் போகாது. ஆனால் அது ஒவ்வொரு நாளும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாட்டுத்தாவணி அருகே, ஆஸ்பத்திரி பராமரிப்பு சூப்பர்வைசர்: குளோரின்தான் போடுகிறோமே, ஓசோன் எதற்கு சார்?

குளோரின் கிருமியைக் கொல்லும். மருந்தோடும் வினைபுரியும், ஆனால் மெதுவாக, அதுவும் குளோரின் ஒட்டிய புதுப் பொருட்களை உண்டாக்கிக்கொண்டு. ஓசோன் மூன்று ஆக்சிஜன் அணு சேர்ந்த வாயு. மருந்து மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு, அமீன், எலக்ட்ரான் செறிந்த வளையம் எங்கே இருக்கிறதோ அங்கே நேராகப் போய் உடைக்கும். சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், அசித்ரோமைசின், டெட்ராசைக்ளின் எல்லாம் இப்படி வேகமாக உடைபவை. தண்ணீரில் ஓசோன் தானே சிதையும்போது ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற துடிப்பான துணுக்கு உண்டாகும். அது ஆள் பார்க்காமல் எதையும் தாக்கும். ஓசோனோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் அது இன்னும் கூடும். மேம்பட்ட முறை என்று விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். இந்த டோஸில் மருந்து கரியமில வாயுவும் தண்ணீருமாக மாறிவிடுவதில்லை. மூலக்கூறின் முக்கியமான இடம் சிதைவதால் அதன் மருந்துக் குணம் போகிறது, துண்டுகள் மிஞ்சுகின்றன. பென்சிலின் வகைகளில் அந்தக் குணமே கொஞ்சம் தங்கலாம். அதனால் ஓசோனுக்குப் பிறகு ஒரு மணல் வடிகட்டியோ கரி வடிகட்டியோ கட்டாயம் வேண்டும். அதில் வளரும் நுண்ணுயிர்கள் அந்தத் துண்டுகளைத் தின்றுவிடும். செலவைக் குறைக்க இந்த வடிகட்டியை வெட்டிவிட்டு வரும் கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள்.

திருமங்கலம், எஸ்.டி.பி. ஆபரேட்டர்: அண்ணே, எங்களுடையது 100 கிலோலிட்டர் பிளான்ட். ஓசோனைக் கூட்டிக்கொண்டே போகிறேன், தண்ணீரில் நிற்கவே மாட்டேன் என்கிறது. மெஷின் கோளாறா?

மெஷினைப் பிரிக்காதீங்க தம்பி, முதலில் நைட்ரைட் பாருங்க.

ஒரு ஆஸ்பத்திரியில் இதே கதையில் நான் மூன்று வாரம் அலைந்தேன். ஜெனரேட்டரைச் சோதித்தோம், ஓசோனைக் குமிழாகத் தண்ணீரில் விடும் டிஃப்யூசரை மாற்றினோம், கம்பெனி ஆளையும் வரவழைத்தோம். பகலில் எல்லாம் சரியாக இருக்கும், காலையில் போய்ப் பார்த்தால் ஓசோன் சுழி. கடைசியில் பார்த்தால், கரண்ட் மிச்சம் பிடிக்க ராத்திரியில் ஏரேஷன் டேங்குக்குக் காற்று ஊதும் புளோயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காற்று போதாமல் அம்மோனியா நைட்ரேட் வரை போகாமல் பாதி வழியில் நைட்ரைட்டாக நின்றுவிட்டது. நைட்ரைட்டாக இருக்கும் ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனும் சுமார் 3.4 மில்லிகிராம் ஓசோனைத் தின்னும். அங்கே லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தது. அதாவது 7 மில்லிகிராம் ஓசோன் அதற்கே போய்விட்டது. நாங்கள் கொடுத்ததே 5தான்! மருந்துக்கு என்ன மிஞ்சும்? புளோயரை ராத்திரியும் ஓட விட்ட நாலாம் நாள் ஓசோன் மீட்டர் எழுந்தது. அந்த மூன்று வாரமும் ராத்திரியிலும் காலையிலும் மருந்து பெரும்பாலும் உடையாமல் வெளியே போயிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஓசோன் கடைசிப் படி. முன்னால் ஏரேஷனும் செட்டிலிங்கும் ஒழுங்காக இல்லாவிட்டால், சாதாரண அழுக்கைத் தின்றே தீர்ந்துவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமக் கார்பன் கிராமுக்கு 0.4 முதல் 0.7 கிராம் ஓசோன் என்று டோஸ் வையுங்கள். கார்பன் 10 மில்லிகிராம் என்றால் 4 முதல் 7 மில்லிகிராம் வரும். நைட்ரைட் இருந்தால் அதற்குத் தனியாகக் கூட்ட வேண்டும். தினமும் மருந்தை அளக்க நம்மால் முடியாது, அதற்கான கருவியின் விலை அப்படி. அதற்குப் பதிலாக 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியைத் தண்ணீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஓசோனுக்கு முன்னும் பின்னும் பாருங்கள். பாதிக்குப் பாதி குறைந்திருந்தால், வேகமாக உடையும் மருந்துகள் பெரும்பாலும் போயிருக்கும்.

அதே ஊர்: கரண்ட் பில்?

ஒரு நாளைக்கு 100 கிலோலிட்டர், லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்றால் 800 கிராம் ஓசோன். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரையும் சேர்த்து கிலோவுக்கு 15 முதல் 20 யூனிட் வையுங்கள். தினம் 12 முதல் 16 யூனிட் வரும். பயப்படும் தொகை இல்லை. மெஷின் விலைதான் கடிக்கும்.

திருநகர், அப்பார்ட்மென்ட் செயலாளர்: எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. ஓசோன் விட்டால் ஏதும் ஆகுமா?

நல்ல கேள்வி, பலரும் கேட்காதது. உப்புத் தண்ணீரில் குளோரைடோடு கொஞ்சம் புரோமைடும் இருக்கும். ஓசோன் பட்டால் அது புரோமேட் ஆகும். புரோமேட் புற்றுநோய் வரவைக்கக்கூடியது என்று சந்தேகிக்கப்படுவதால், குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் முதலில் புரோமைடை லேபில் அளந்து பார்த்துவிட்டு டோஸைத் தீர்மானியுங்கள். அதிகம் இருந்தால் ஓசோனை விட்டுவிட்டுக் கரி வடிகட்டிக்குப் போவதே நல்லது.

அவனியாபுரம் பக்கம், மாடு வளர்ப்பவர்: சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்த புல்தான் போடுகிறோம். எஸ்.டி.பி. சேற்றையும் எருவாகக் கொடுக்கிறார்கள். ஓசோன் விட்ட பிளான்ட் என்றால் பயமில்லையா?

தண்ணீருக்கு ஓரளவு நம்பலாம் ஐயா. சேற்றுக்கு இல்லை. ஓசோன் தெளிந்த நீரில் மட்டும் வேலை செய்யும், சிப்ரோ ஒட்டியிருப்பதோ சேற்றில். அந்தச் சேற்றைப் பச்சையாக வயலில் கொட்டாதீர்கள். வைக்கோல், சாணியோடு குவித்து, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறும்படி கிளறி மக்கவிட்டால் கிருமியும் குறையும், பல மருந்துகளும் குறையும். அப்புறம், மாட்டுக்கு ஊசி போட்டால் டாக்டர் சொன்ன நாள்வரை பாலை யாருக்கும் விற்காதீர்கள். கோழிக்கும் மாட்டுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை 2019இலேயே தடை செய்துவிட்டார்கள், யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கே.கே. நகர், வழக்கறிஞர்: சட்டம் கட்டாயப்படுத்துகிறதா?

ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் ஆன்டிபயாட்டிக்குக்கு இங்கே வரம்பு இல்லை. மருந்துத் தொழிற்சாலைகளுக்கு 2020 ஜனவரியில் மத்திய அரசு வரைவு வரம்புகள் வெளியிட்டது, 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிப்பில் அவை காணோம். அது பெரிய இழப்பு என்பது என் கருத்து. சுவிட்சர்லாந்தில் 2016 முதல், தேர்ந்தெடுத்த நிலையங்கள் இப்படிப்பட்ட நுண்மாசில் 80 சதவீதத்தை நீக்கியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டம் பெரிய நிலையங்களில் இந்தக் கூடுதல் கட்டத்தைக் கேட்கிறது. அதன் செலவில் 80 சதவீதத்தையாவது மருந்து, அழகுசாதனக் கம்பெனிகள் ஏற்க வேண்டும். நமக்கும் அதுதான் நியாயமான வழி.

பெயர் சொல்லாத ஆபரேட்டர்: ஓசோன் ரூமில் மின்னல் வெட்டின மாதிரி ஒரு வாசம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க தம்பி. ஓசோன் நுரையீரலை எரிக்கும். வேலை செய்யும் இடத்துக் காற்றில் 0.1 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 0.1 பங்கு) தாண்டக்கூடாது. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகி வாசமே தெரியாமல் போகும், ஆபத்து அங்கேதான். இன்றைக்கே ஜெனரேட்டரை நிறுத்துங்கள், கதவைத் திறந்து வையுங்கள், எக்ஸாஸ்ட் ஓடட்டும். அடுத்து, டேங்கிலிருந்து தப்பும் வாயுவை அழிக்கும் டிஸ்ட்ரக்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் லீக் சென்சர் மாட்டும்வரை தனியாக உள்ளே போகாதீர்கள். மேலே இருப்பவர்கள் தட்டிக் கழித்தால் எனக்கு எழுதுங்கள், நான் நேரில் வந்து அவர்களிடம் பேசுகிறேன்.