வார்டுக்குத் தைக்கும் முன் வார்டைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது. திருப்பூரில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அதனால் கட்பீஸ் துணிக்குக் குறைவில்லை. நானும் எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேரும் சேர்ந்து குழந்தைகளுக்கு ஃபிராக், கம்பளித் தொப்பி, குரோஷா ஆக்டோபஸ் பொம்மை எல்லாம் செய்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸம்மா, "இதெல்லாம் வேண்டாம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். புற்றுநோய் வார்டுக்கும் குழந்தைகள் இல்லத்துக்கும்கூடத் தைத்துக் கொடுக்க ஆசை. எதைத் தைத்தால் வாங்கிக்கொள்வார்கள்? யாரைக் கேட்க வேண்டும்?

பதில்:

அந்த நர்ஸ் செய்தது சரிதான். மனம் வருந்தாதீர்கள். அவர் வேண்டாம் என்றது உங்களை அல்ல, பொம்மைக்குள் இருக்கும் பஞ்சை.

ஆக்டோபஸ் பொம்மை 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய பழக்கம். குறைமாதக் குழந்தை ட்யூபைப் பிடித்து இழுக்காமல் பொம்மையின் கால்களைப் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு உறுதியான ஆய்வுச் சான்று கிடையாது. அங்கேயே அதற்குக் கடுமையான விதிகள் உண்டு: முழுப் பருத்தி நூல், இழுத்துப் பிடித்தாலும் 22 செ.மீ. தாண்டாத கால்கள், 60 டிகிரி வெந்நீரில் துவைத்தாலும் கெடாத பஞ்சு. நம் ஊர் ஈரக்காற்றில் பஞ்சு அடைத்த பொம்மை உள்ளே வரை காய எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். காயாத பஞ்சில் கிருமி வளரும். ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு அருகில் அதை வைக்க எந்த நர்ஸுக்கும் மனம் வராது. கம்பளித் தொப்பிக்கும் அதே கதிதான். இழை உதிரும், தோல் அரிக்கும், கொதிநீரில் போட்டால் சுருங்கிப்போகும்.

வார்டுக்குத் தைப்பதில் தையல் வேலையை விடத் துவைப்பதுதான் பெரிய விஷயம். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் மொத்தமாகச் சலவைக்குப் போகிறது. உள்ளங்கை அளவுத் தொப்பி அந்த மூட்டையில் போனால் திரும்பி வராது. வந்தாலும் யாருடையது என்று தெரியாது. ஆகவே நீங்கள் கொடுப்பது ஒரு குழந்தைக்கு ஒன்று என்றே இருக்க வேண்டும். அதைத் தாயே துவைப்பார், வீட்டுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோவார். அப்படியானால் வேலைப்பாடு மிகுந்த பத்து உருப்படி வார்டுக்குப் பயன்படாது. சாதாரணமான, ஒரே மாதிரியான இருநூறு வேண்டும். குழுவில் கைத்திறன் உள்ளவர்களுக்கு இது சப்பென்றிருக்கும். இருக்கட்டும்.

இனி, அந்த வார்டில் உண்மையில் எது பற்றாக்குறை என்று பார்ப்போம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமாகும் தாய்மார்களுக்காக 2015இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. துண்டு, சட்டை, நாப்கின், கொசுவலை எல்லாம் அதில் அடக்கம். நிறைமாதக் குழந்தைக்கு ஃபிராக் தைத்துக் கொடுப்பதால் பெரிய தேவை ஒன்றும் தீராது. குறைமாதக் குழந்தையின் கதை வேறு. பொதுவான அளவில் வரும் சட்டையும் தொப்பியும் அதற்குத் தொளதொளக்கும், கடையிலும் அந்த அளவு லேசில் கிடைக்காது.

ஆகவே நீங்கள் தைக்க வேண்டியது குறைமாதக் குழந்தைக்கான பருத்தித் தொப்பி. ஏன் தொப்பி என்றால், பச்சிளங்குழந்தையின் உடல் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலைதான். குறைமாதத்தில் பிறந்ததற்குத் தோலடிக் கொழுப்பும் குறைவு என்பதால் சூடு வேகமாக இறங்கிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் தந்த பரிந்துரைப்படி, குறைமாத, எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கூடிய விரைவில் கங்காரு பராமரிப்பில், அதாவது தாயின் வெறும் மார்போடு ஒட்டி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில், பிறந்தவுடனேயே இப்படி வைக்கப்பட்டவர்களில் முதல் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12. உடல்நிலை சீரான பிறகே வைக்கப்பட்டவர்களில் அது 15.7. அந்தச் சமயத்தில் குழந்தையின் மேல் இருப்பவை நாப்கின், தொப்பி, சாக்ஸ் மூன்றும்தான். இந்த மூன்றில் இரண்டை உங்கள் கட்பீஸிலேயே செய்துவிடலாம்.

அளவுகளைச் சொல்கிறேன். தலைச்சுற்றளவு, கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தில் பிறந்த குழந்தைக்குச் சுமார் 26 செ.மீ., 32 வாரத்துக்கு 29, 34-35 வாரத்துக்கு 31-32, நிறைமாதத்துக்கு 33 முதல் 36 வரை. 26, 29, 32 என்று மூன்று அளவு போதும். பனியன் துணி இழுத்துக்கொடுக்கும் என்பதால் சுற்றளவில் 2 செ.மீ. குறைத்து வெட்டுங்கள். 29க்கு முடிந்த சுற்று 27 வரும், மடித்துப் போட்ட துணியில் அகலம் 13.5, தையலுக்குத் தனி. உயரம் 12 செ.மீ., அடி மடிப்புக்கு இன்னொரு 4. இழுவை தலையைச் சுற்றி வர வேண்டும், மேலிருந்து கீழாக வந்தால் வீண். பனியன் துணி வகைகளில் ரிப் அல்லது இன்டர்லாக் நல்லது. சிங்கிள் ஜெர்சி வெட்டிய இடத்தில் சுருண்டுகொண்டு படுத்தும். ஓவர்லாக் தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே வந்தால் மெல்லிய தோலில் தடம் பதிந்துவிடும். நாடா, பொத்தான், குஞ்சம், லேஸ், உள்ளே லேபிள் எதுவும் வேண்டாம். வீட்டுத் தையல் மெஷினில் தைப்பதானால் பனியன் துணிக்கென்று விற்கும் உருண்ட முனை ஊசியைப் போடுங்கள். கூர்முனை ஊசி இழையை அறுத்துவிடும், நாலு தடவை துவைத்ததும் ஓட்டை தெரியும்.

ஊசி உடைந்தால் என்ன செய்வது என்று உங்கள் கணவரைக் கேளுங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளில் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி, சேர்த்துப் பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் பக்கத்திலிருக்கும் பீஸ்களையெல்லாம் ஒதுக்கிவிடுவார்கள். வெளிநாட்டுக் குழந்தைக்கு இவ்வளவு பார்க்கிறோம், உள்ளூர்க் குழந்தைக்கும் அதே நோட்டு ஒன்று வீட்டில் இருக்கட்டும். குண்டூசிக்குப் பதில் கிளிப் போட்டால் பாதிக் கவலை போய்விடும்.

கட்பீஸ் என்றால் கலப்படம் இருக்கும். ஒரு நூலை எரித்துப் பாருங்கள். காகிதம் எரிவதுபோல் மணந்து சாம்பலானால் பருத்தி, உருகி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர் கலந்தது. முழுப் பருத்தியை மட்டும் எடுங்கள். வெட்டும் முன்னால் இரண்டு முறை வெந்நீரில் அலசினால் சுருங்க வேண்டியது சுருங்கிவிடும், மில்லில் ஏற்றிய மெருகும் போகும். ஈரமான வெள்ளைக் கர்சீப்பை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்தத் துணி கால்மிதிக்குத்தான். வாசனை கம்ஃபர்ட் வேண்டாம், சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

பாச்சை உருண்டை போட்ட பீரோவில் இந்தத் துணிகளை ஒருநாளும் வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தைக்கு அந்த உருண்டையில் உள்ள நாப்தலின் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். குழந்தைக்குக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் அதற்கு முன்னால் யாருக்கும் தெரிந்திருக்காது. தலைமுறை தலைமுறையாகத் தொட்டில் சேலையைப் பாச்சை உருண்டையோடு வைத்து எடுக்கிறோமே, அதையும் விட்டுவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைக்கும்போது போடும் கண்மறைப்பை நீங்கள் தைக்காதீர்கள், அது நழுவினால் மூக்கை அடைக்கும். தாயோடு குழந்தையைக் கட்டும் கங்காரு பட்டியும் வார்டு தன் மாதிரியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னால் மட்டுமே. குழந்தையின் கழுத்து மடங்காமல் மூச்சு சீராகப் போகும்படி பட்டி எந்த இடத்தில் தாங்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

யாரைக் கேட்பது? வார்டு வாசலில் மூட்டையோடு நிற்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் டீனுக்கு ஒரு கடிதம், ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் கொடுங்கள். பிறகு நர்ஸிங் சூப்பரின்டென்டன்டைப் பார்த்து, அவர் மூலம் வார்டு இன்சார்ஜ் நர்ஸைச் சந்தியுங்கள். கையில் மூன்று அளவில் மூன்று தொப்பி மட்டும் இருக்கட்டும். மாதம் எத்தனை வேண்டும், எந்த அளவு அதிகம் போகிறது, எந்த நிறம் கூடாது, எப்படிக் கட்டித் தர வேண்டும் என்று கேளுங்கள். அடர் சிவப்பு, மெரூன் வேண்டாம் என்று சொல்லக்கூடும், ரத்தக்கசிவு தெரியாமல் போகும் என்பதால். ஒப்புக்கொண்டால் ஒரு கவருக்கு ஒரு தொப்பி, மேலே சுற்றளவு எழுதி, மாதம் ஒரே தேதியில் கொடுங்கள். தீபாவளிக்கு ஐநூறு கொடுத்துவிட்டு அப்புறம் காணாமல் போவதைவிட மாதம் முப்பது மேல்.

தொப்பியோடு ஒரு சீட்டு வைக்க முடிந்தால், இன்சார்ஜ் நர்ஸிடம் காட்டிவிட்டு வையுங்கள்: "வீட்டுக்குப் போன பிறகு தூங்கும்போது தொப்பி தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள்." பிறந்த சில மணி நேரத்துக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அப்பால், வீட்டுக்குள் குழந்தைக்குத் தொப்பி போட வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2022 அறிவுரை. உடம்பு அளவுக்கு மீறிச் சூடாகும், தொப்பி நழுவி மூக்கை மூடவும் கூடும். சித்திரை வெயிலிலும் தொப்பி, சாக்ஸ், கையுறை என்று பொதிந்து வைக்கும் நம் பாட்டிமார் இதைக் கேட்டால் என்னைத் திட்டுவார்கள்.

புற்றுநோய் வார்டில் உங்களுக்கு வேலை இன்னும் அதிகம். கீமோ தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும், உச்சந்தலை தொட்டாலே எரியும். பெரியவர்களுக்குச் சுற்றளவு 54 முதல் 58 செ.மீ., பனியன் துணியேதான். முடி இல்லாததால் காதோரமும் பிடரியும் மூடும் அளவுக்கு ஆழம் வேண்டும். அதன் மேல் சேலைத் தலைப்பைப் போட்டாலும் நழுவாமல் நிற்கும், சாட்டின் துணி என்றால் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

அதைவிடவும் தேவைப்படுவது, யாருக்கும் தோன்றாத ஒரு சின்னப் பை. மார்பக அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் பலருக்கு உடம்பிலிருந்து ஒரு குழாயும் அதன் நுனியில் நீர் சேரும் குடுவையும் சில நாள் இருக்கும். அதைக் கையில் பிடித்தபடியோ சேலையில் ஊக்குப் போட்டோ பஸ் ஏறுகிறார்கள். 20க்கு 25 செ.மீ. அளவில் பருத்திப் பை, மறுதோளிலிருந்து குறுக்காக வரும் நீளமான அகலப் பட்டை, அவ்வளவுதான். காயத்துக்குக் கீழே தொங்க வேண்டும், குழாயை இழுக்கக் கூடாது. கையைத் தூக்க முடியாதவர்களுக்கு முன்பக்கம் முழுக்கத் திறக்கும், அக்குள் தளர்ந்த ரவிக்கையும் நைட்டியும் பெரிய உபகாரம். அக்குளுக்கு அடியில் வைக்கச் சின்னத் தலையணை செய்தால் இலவம்பஞ்சு அடைக்காதீர்கள், துவைத்தால் கட்டிக்கொள்ளும். துவைத்தாலும் கட்டியாகாத பாலியெஸ்டர் பஞ்சு போடலாம்.

உங்கள் குழுவில் குரோஷா போடத் தெரிந்தவர்களின் திறமையும் வீணாக வேண்டாம். மார்பகத்தை இழந்தவர்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகங்களை மும்பையைச் சேர்ந்த சாயிஷா இந்தியா அமைப்பு பருத்தி நூலில் பின்னி இலவசமாகத் தருகிறது. பின்னுகிறவர்கள் தன்னார்வலர்கள். நூலும் பின்னல் முறையும் அவர்கள் சொல்வதுபோலவே இருக்க வேண்டும்.

குழந்தைகள் இல்லத்தைப் பற்றிச் சுருக்கமாக. யூனிஃபார்ம் வேண்டாம், சத்துணவுத் திட்டத்தில் உள்ள 1 முதல் 8ஆம் வகுப்பு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே நான்கு செட் தருகிறது. இல்லத்தில் எப்போதும் தட்டுப்பாடு உள்ளாடைக்குத்தான்: சிம்மீஸ், ஜட்டி, பனியன். இதைத் தானம் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை, படமெடுத்துப் போட முடியாதே. வெளியாடை தைத்தால் ஒரே துணியில் நாற்பது பேருக்குத் தைக்காதீர்கள், தெருவில் நடந்தாலே இல்லத்துப் பிள்ளைகள் என்று ஊருக்குச் சொல்லிவிடும். வார்டனிடம் அளவு வாங்கி, ஆளுக்கு ஒரு நிறமாகப் பிள்ளைகளையே தேர்வுசெய்ய விடுங்கள். கொடுக்கும்போது ஃபோட்டோ கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு, பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடுவதைத் தடை செய்கிறது. தெருக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்ட படம் எங்கெங்கே போகும் என்று யார் கண்டது. துணியை மட்டும் மேசையில் விரித்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.