மூளை ஸ்கேனில் தெரியும் வெண்புள்ளிகள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. இருபது ஆண்டுகளாக ரத்தக்கொதிப்பு உண்டு. தலைசுற்றல் இல்லாத நாட்களில் மாத்திரையை விட்டுவிடுவார். அண்மையில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில், மூளையின் நுண் ரத்தக்குழாய்களில் பாதிப்பு இருப்பதாகவும் வெண்புள்ளிகள் தெரிவதாகவும் எழுதியிருக்கிறார்கள். மளிகைக் கணக்கை மனக்கணக்காகவே முடிப்பவர், இப்போது ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று கூட்டுகிறார். ஆனால் எதையும் மறப்பதில்லை. இது டிமென்ஷியா எனும் அறிவுத்திறன் இழப்பின் தொடக்கமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அறிக்கையை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. அறுபதைக் கடந்த பலருடைய ஸ்கேனில் இத்தகைய புள்ளிகள் ஓரளவு தெரியும். அவர்களில் பலர் எந்தச் சிரமமும் இன்றி நடமாடுகிறார்கள். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது அந்த மளிகைக் கணக்குதான்.

மூளையின் ஆழ்பகுதிக்கு ரத்தம் கொண்டு செல்பவை மிக மெல்லிய குழாய்கள். ஒன்று அடைபட்டால் அந்த இடத்துக்கு வேறு வழியாக ரத்தம் போய்ச் சேருவது அரிது. ஆண்டுக்கணக்கில் அழுத்தம் கூடுதலாக இருக்கும்போது இவற்றின் சுவர் தடித்து உள்வழி குறுகிவிடுகிறது. மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகள் போதிய ரத்தமின்றி நலிகின்றன. ஸ்கேனில் வெண்மையாகத் தெரிவது அந்த நலிவே. சில வேளை ஒரு குழாய் முழுவதும் அடைபட்டு, 15 மில்லிமீட்டருக்குள் அடங்கும் சிறு குழி உண்டாகும்; கை கால் இழுக்காததால் வீட்டில் யாருக்கும் தெரியாமலே அது நடந்து முடிந்திருக்கும். டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலில் நழுவுவது நேற்று நடந்தது பற்றிய நினைவு. இங்கோ நினைவு ஓரளவு நிற்க, சிந்தனையின் வேகமும் திட்டமிடும் திறனும் நடையும் தளர்கின்றன.

இரண்டும் தனித்தனி நோய்கள் என்றாலும் ஒன்றுக்கொன்று துணைபோகின்றன. அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளின் மூளைகளை அவர்கள் இறந்த பின் ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், 61 பேரிடம் அல்சைமருக்குரிய மாற்றங்கள் இருந்தன. இவர்களுள் மூளையில் அடைப்பே இல்லாதவர்களில் 57 சதவீதத்தினர் வாழ்நாளில் டிமென்ஷியாவுக்கு ஆளாகியிருந்தனர். ஆழ்பகுதியில் ஓரிரு சிறு அடைப்புகளும் சேர்ந்திருந்தவர்களில் அது 93 சதவீதம். சிறிய எண்ணிக்கைதான், ஆயினும் ரத்தக்குழாயை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பது இதிலிருந்து புரியும்.

அந்தக் குழாய்களைக் காக்க வழியும் இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த 9,300க்கும் மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2019இல் முடிவு வெளியிட்ட ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 140க்குக் கீழ் வைத்தவர்களைவிட 120க்குக் கீழ் கொண்டுவர முயன்றவர்களிடம், டிமென்ஷியாவுக்கு முந்தைய நிலையான லேசான அறிவுத்திறன் குறைவு 19 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. டிமென்ஷியாவும் சற்றுக் குறைந்தது. ஆனால் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. சர்க்கரை நோயாளிகளையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆகவே அப்பாவுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை அவருடைய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

தலைசுற்றலை வைத்து அழுத்தத்தைக் கணிக்கும் பழக்கத்தை அவர் இன்றே விட வேண்டும். ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. "ஞாபக டானிக்" வாங்கும் பணத்தில் வீட்டுக்கு ஒரு பி.பி. கருவி வாங்குங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்த பின் ஒரு முறையும், எழுந்து நின்ற சற்று நேரத்தில் மறு முறையும் அளந்து, மளிகைக் கணக்கு எழுதும் அதே நோட்டில் இரு வாரங்களுக்குக் குறித்து வையுங்கள். நிற்கும்போது அழுத்தம் மிகவும் இறங்கினால் அவர் கீழே விழ நேரிடும். ஆகவே மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டாமல் நோட்டுடன் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கணக்குப் போடும் வேகம் எப்போதிலிருந்து குறைந்தது, நடை மாறியிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். நினைவாற்றல் பரிசோதனையையும், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, பி12 அளவுகளையும் அவர் பார்க்கச் சொல்வார்.