ஆன்டிவைரஸும் அடுத்தவர் ஆதாரும்

வணக்கம் ஐயா,

திருமங்கலத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். மூன்று சிஸ்டம். பல வருடமாக காஸ்பர்ஸ்கை ஆன்டிவைரஸ்தான் போடுகிறேன், குறை ஒன்றும் இல்லை. போன வாரம் மச்சான் வந்து, "அது ரஷ்யாக்காரன் சாமான், அமெரிக்காவே தடை பண்ணிருச்சு, தூக்கிப் போடு" என்கிறார். கம்பெனி எந்த நாடு என்று பார்த்துத்தான் ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா? நம் நாட்டு கம்பெனிதான் நல்லதா? (எங்களுடையது ஒரிஜினல் விண்டோஸ் இல்லை, அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம். அது இருக்கட்டும்.)

செல்வம்

அன்புள்ள செல்வம்,

மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாம் திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் ஆன்டிவைரஸ்தான் முதலில் பார்க்கிறது. சந்தேகப்பட்டால் அதைக் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பவும் அதற்கு வழி உண்டு. அப்டேட் என்று எது வந்தாலும் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே விடுகிறோம். இவ்வளவு அதிகாரம் உள்ள சாமானைச் செய்கிறவர்களை அவர்கள் ஊர் அரசாங்கம் கூப்பிட்டு நெருக்கினால் என்ன ஆகும் என்று இன்னொரு அரசாங்கம் பயப்படுவது சரிதான். 2017இல் அமெரிக்கா தன் மத்திய அரசு அலுவலகங்களிலிருந்து காஸ்பர்ஸ்கையை நீக்கச் சொன்னது. உக்ரைன் போர் தொடங்கியபின் 2022 மார்ச்சில் ஜெர்மனியும் எச்சரித்தது. 2024 ஜூனில் அமெரிக்கா விற்பனையையே தடை செய்தது; செப்டம்பர் 29க்குப் பிறகு அங்கே அப்டேட்டும் கிடையாது. கம்பெனி குற்றச்சாட்டுகளை மறுத்தது. நீங்கள் ராணுவ அலுவலகத்தில் வேலை பார்த்தால், மாற்றிவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் நாட்டை மட்டும் பார்த்து யாரையும் நம்பவும் முடியாது. அவாஸ்ட், செக் நாட்டு ஆன்டிவைரஸ் கம்பெனி. தன்னை நம்பியவர்கள் எந்தெந்த வெப்சைட்டுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020இல் விஷயம் வெளியே வந்து அதை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. அங்கே எந்த அரசாங்கமும் மிரட்டவில்லை. காசுக்கு விற்றார்கள்.

சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல், எது பிடிக்கிறதோ போடுங்கள். அதில் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை.

நான் உட்கார்ந்து பதில் எழுதக் காரணம் நீங்கள் அடைப்புக்குறிக்குள் தள்ளிய வரிதான். எப்படித் தம்பி அதை "இருக்கட்டும்" என்று விட முடிகிறது? கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டா அலிகார் பூட்டா என்று கேட்கிறீர்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற நாசகார புரோகிராம் உலகம் முழுக்க சிஸ்டங்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள். அந்த ஓட்டையில் நுழையும் கருவியைச் செய்ததோ அமெரிக்க உளவு அமைப்பு. அங்கிருந்து கசிந்து வந்தது. இதில் எந்த நாட்டைத் தள்ளி வைப்பீர்கள்?

அத்தான் இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க, மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு கடைக்கு அக்காவைக் கூட்டிப் போனேன். கடைப் பையன் தங்கமானவன். அழுதுகொண்டிருந்த அக்காவுக்கு ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகச் செய்து கொடுத்தான். சில மாதம் கழித்து வேறொரு பிரிண்ட்டுக்காகப் போனேன். அதே சிஸ்டம். டெஸ்க்டாப்பில் ஓரம் தெரியாமல் ஃபைல்கள். நடுவில் அக்காவின் ஆதார், அத்தானின் இறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம். இ-ஆதாரின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தானே. அதையும் மறக்காமலிருக்க ஃபைல் பெயரிலேயே போட்டு வைத்திருந்தான். பக்கத்துச் சிஸ்டத்தில் யாரோ பென் டிரைவைச் செருக, ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாகிக் கிடந்தன, வைரஸ் வேலை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அந்தப் பையன் மேல் கோபம் வரவில்லை. அது தப்பு என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ், ஏடிஎம் கார்டு எண் வரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போகிறார்கள். உங்கள் முகத்தைப் பார்த்து நம்பித்தான் அனுப்புகிறார்கள். அதைக் கிராக் விண்டோஸில் சேர்த்து வைப்பது துரோகம். கடுமையாகச் சொல்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். மூன்று சிஸ்டத்தை வைத்துப் பிழைக்கிறவரின் கஷ்டம் எனக்குத் தெரியும்.

அதனால் காஸ்பர்ஸ்கையைப் புதுப்பிக்க வைத்திருக்கும் பணத்தை எடுத்து, வாடிக்கையாளர் ஃபைல் ஏறுகிற சிஸ்டத்துக்கு முதலில் ஒரிஜினல் விண்டோஸ் 11 வாங்குங்கள். பத்தாத பணத்தை மச்சானிடம் கேளுங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸ் 11உடனே இலவசமாக வருகிறது, உங்கள் கடைக்கு அது போதும். அப்டேட்டைத் திறந்து விடுங்கள். பிரிண்ட் கொடுத்ததும் ஃபைலை, அவர்கள் கண் முன்னாலேயே, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததையும் சேர்த்துத்தான்.