ராஜுலாவும் ஒரு லைனர்தான்

மதிப்பிற்குரிய ஐயா,

மௌரிட்டேனியா என்ற அட்லாண்டிக் பயணிகள் கப்பலைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். அதன் மரவேலைப்பாடுகளும் உணவுக்கூடமும் கண்முன் நின்றன. கூடவே ஒரு சந்தேகமும் எழுந்தது. என் தாத்தா 1950-களில் ராஜுலா என்ற கப்பலில் பினாங்குக்குப் போனவர். தகரப்பெட்டியும் கோரைப்பாயுமாக டெக்கில் இடம்பிடித்த கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அட்லாண்டிக்கின் அந்த மிதக்கும் அரண்மனைகளையும் ராஜுலாவையும் லைனர் என்ற ஒரே பெயரால் அழைப்பது பொருந்துமா?

— நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் பொருந்தும். லைனர் என்ற சொல்லுக்கும் ஆடம்பரத்துக்கும் தொடர்பில்லை. குறித்த துறைமுகங்களுக்கு இடையே, அறிவித்த நாளில், சரக்கு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் புறப்படும் கப்பலே லைனர். இந்த முறை வருவதற்கு முன்பு சரக்கறை நிரம்பும்வரை கப்பல் துறைமுகத்திலேயே கிடக்கும். பயணிகளும் சத்திரத்தில் காத்துக்கிடப்பார்கள். 1818 ஜனவரி 5 அன்று, பிளாக் பால் என்ற நிறுவனத்தின் ஜேம்ஸ் மன்றோ என்னும் பாய்மரக் கப்பல், கொட்டும் பனியில், சொன்ன நாள் தவறாமல் நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்டது. இந்தத் தொழிலின் தொடக்கம் அதுதான். 1840-இல் சாமுவேல் கியூனார்ட் என்ற கப்பல் முதலாளியின் பிரிட்டானியா அதே கடலில் நீராவியால் ஓடியபோது, அதை ஓடவைத்தது பிரிட்டிஷ் அரசின் தபால் ஒப்பந்தம். சக்கரங்களால் நீரைத் தள்ளிச் சென்ற அந்த மரக்கப்பலில் ஏறத்தாழ நூறு பயணிகளுக்குத்தான் இடமிருந்தது. அவர்களுக்குப் பால் தர ஒரு பசுவும் உடன் பயணம் செய்தது.

தபாலுக்கு அடுத்தபடியாக லைனர்களை வாழவைத்தவர்கள் ஏழைகள். கனடாவிலிருந்து மரம் ஏற்றி வந்த கப்பல்கள் வெறுமையாகத் திரும்ப விரும்பாமல், சரக்கறையில் பலகைகளை அடித்துப் படுக்கைகளாக்கி, அயர்லாந்தின் பஞ்சத்திலிருந்து தப்பியவர்களை அள்ளிச் சென்றன. மனிதர்கள் அங்கே திரும்புகாலச் சரக்கு. அவ்வாறு வந்தவர்களில் 5,000-க்கும் மேற்பட்டோரை 1847 என்ற ஒரே ஆண்டில் கியூபெக் அருகேயுள்ள குரோஸ் ஈல் தீவில் புதைத்தார்கள். நீராவிக் கப்பல்கள் பயணத்தை ஒரு வாரம், பத்து நாள் எனச் சுருக்கிய பிறகே இந்த நிலை மாறியது. ஆனால் இரக்கம் மட்டுமே அதை மாற்றியது என்று நான் நம்பவில்லை. நோயாளி என்று அமெரிக்கா திருப்பி அனுப்பும் ஒவ்வொருவரையும், அவரை ஏற்றிவந்த கம்பெனியே தன் செலவில் கொண்டுபோய்விட வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆகவே ஜெர்மனியின் ஹாப்பாக் கப்பல் கம்பெனியை நடத்திய ஆல்பர்ட் பாலின், ஹாம்பர்க்கில் குடியேறிகளுக்கென்றே தங்குமிடங்களை எழுப்பி, உணவளித்து, குளிக்கவைத்து, மருத்துவர்களைக் கொண்டு சோதித்த பிறகே கப்பலேற்றினார். கணக்குப் பார்த்துச் செய்த நன்மை. நன்மை என்பதில் ஐயமில்லை.

டைட்டானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றாம் வகுப்பில் ஏறத்தாழ 700 பேர் இருந்தார்கள். முதல் இரண்டு வகுப்புகளைக் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது. நாம் நினைவில் வைத்திருப்பதோ மேல்தளத்துப் படிக்கட்டை மட்டும். இதே பிழையை என் கட்டுரையும் செய்திருக்கிறது என்பதை உங்கள் கடிதம் உணர்த்தியது. மௌரிட்டேனியாவின் மரவேலைப்பாட்டை வருணித்த நான், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 டன் நிலக்கரியை அதன் உலைகளுக்கு ஊட்டிய முந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதையும் அதன் இணைக் கப்பலான லூசிட்டேனியாவையும் கட்டுவதற்கு பிரிட்டிஷ் அரசு 26 லட்சம் பவுண்டு கடன் தந்ததையும் விட்டுவிட்டேன்.

லைனர்களை விமானம் கொன்றது என்று சொல்வதில் பாதி உண்மைதான் உண்டு. முதல் அடி 1921, 1924 ஆண்டுகளில் அமெரிக்கா இயற்றிய குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் விழுந்தது. கீழ்த்தளங்கள் காலியாகின; கம்பெனிகள் அவற்றுக்கு வண்ணம் பூசி, மேசை விரித்து, சுற்றுலா மூன்றாம் வகுப்பு என்று பெயர் மாற்றி, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விற்றன. 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் மிச்சமும் போயிற்று. 1952-இல் மூன்றரை நாளில் அக்கடலைக் கடந்து சாதனை படைத்த யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற கப்பல், பதினேழே ஆண்டுகளில் ஓய்ந்தது.

இனி ராஜுலா. 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. தபால் ஒப்பந்தத்தால் வளர்ந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தமாகி, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற தடத்தில் பல்லாண்டுகள் ஓடியது. அதன் மொத்தக் கொள்ளளவு 8,000 டன்னைச் சற்றுத் தாண்டும். தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. 80,000 டன்னுக்கும் மேற்பட்ட குயின் மேரி என்ற அட்லாண்டிக் லைனரோ, போர்க்காலம் தவிர்த்த நாட்களில், ஏறத்தாழ 2,000 பயணிகளையே ஏற்றியது. இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உங்கள் தாத்தா பாய் விரித்த இடம் எவ்வளவு குறுகலானது என்பதும், அந்தக் கம்பெனியின் வருமானம் எங்கிருந்து வந்தது என்பதும் ஒருசேரப் புரியும். அட்லாண்டிக் கப்பல்கள் மர வேலைப்பாட்டுக்குப் பின்னால் மறைத்துவைத்ததை ராஜுலா வெளிப்படையாகச் செய்தது, அவ்வளவுதான்.

ராஜுலா 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. அதே தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிந்திருப்பார்கள். 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்து, உயிர்ச்சேதத்தோடு அதன் ஓட்டம் நின்றுபோனது. அந்தக் கப்பல் நமக்காகக் கட்டப்பட்டதல்ல. பிரான்ஸில் 1966-இல் பாஸ்தர் என்ற பெயரோடு நீரில் இறங்கி, ஐரோப்பாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே சில ஆண்டுகள் ஓடியபின் சென்னைக்கு வந்த அட்லாண்டிக் லைனர் அது.