மேற்குச் சன்னல் அறையும் நடமாடும் ஏசியும்

வணக்கம். சுவரில் துளையிட அனுமதியில்லாத, மேற்குப் பார்த்த வாடகை அறைக்கு நடமாடும் ஏசி (அறைக்குள் நகர்த்தி வைத்து, சூடான காற்றைக் குழாய் வழியே சன்னலுக்கு வெளியே விடும் ஏசி) பொருந்துமா என்றும், சிறு சத்தத்திலும் உறக்கம் கலைந்துவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். பொருந்தாது என்பதே என் கருத்து. அதன் கம்ப்ரசர் அறைக்குள்ளேயே இயங்குவதால் இரைச்சலைத் தவிர்க்க முடியாது. ஒற்றைக் குழாய் வகையோ அறைக்காற்றையே வெளியே தள்ளுவதால், அதற்கு ஈடாக வெளியிலுள்ள வெப்பக் காற்று கதவிடுக்குகள் வழியே உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

முதலில் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்கப் பாருங்கள். உட்புறத் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தில் தானும் சூடாகி அதை அறையிலேயே விட்டுவிடும் என்பதால், சன்னல் கம்பியில் கட்டிக் கழற்றக்கூடிய நிழல்வலையையோ மூங்கில் தட்டியையோ, உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வெளிப்புறம் தொங்கவிடுவதே மேல். வெளியே அறையைவிட வெப்பம் கூடுதலாக இருக்கும்வரை சன்னலை மூடியே வையுங்கள். (காற்றோட்டம் நல்லதென்று நண்பகலில் திறந்து வைப்பவர்கள் நம்மில் ஏராளம்.) இரவில் வெளிக்காற்று குளிர்ந்ததும் சன்னலைத் திறந்து, மேசை விசிறியை வெளிநோக்கி வைத்தால், சூடான காற்று வெளியேறி, மறுபக்கத் திறப்பு வழியே குளிர்ந்த காற்று நுழையும், சில மணி நேரம் இவ்வாறு விட்டால்தான் சுவர்களில் தேங்கிய வெப்பமும் இறங்கும்.

உறங்கும்போது, பிஎல்டிசி மோட்டார் (உராயும் தூரிகைகள் இல்லாத மின்மோட்டார்) கொண்ட விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் ஓசை மிகக் குறைவாகவே இருக்கும். ஏர் கூலர் வறண்ட காற்றில் மட்டுமே பயன்தரும். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும்.