பிரைவசி ஃபில்டர் வாங்கினால் போதுமா?

கேள்வி: தினமும் ரயிலில் போகும்போது லேப்டாப்பில் அலுவலக வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்களின் கடன் கணக்கெல்லாம் திரையில் இருக்கும். போன வாரம் பக்கத்து சீட்காரர், "மூணாவது வரியில கூட்டல் தப்பா இருக்கே" என்றார். பார்த்தால் தப்புதான்! அன்றிலிருந்து லேப்டாப்பைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாதபடி திரைமேல் மாட்டும் தகடு, பிரைவசி ஃபில்டர் என்கிறார்களே, அதை வாங்கி மாட்டினால் போதுமா?

பதில்: வாய் திறந்து சொன்னவர் நல்ல மனிதர். சொல்லாமல் படித்துக்கொண்டே வந்தவர்கள் எத்தனை பேரோ! ஃபில்டர் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது எதை மறைக்கும், எதை மறைக்காது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அந்த மெல்லிய தகட்டுக்குள் கண்ணுக்கே தெரியாத பட்டைகள் வரிசையாக நிற்கின்றன. ஜன்னலில் தொங்கவிடும் பட்டைத் திரையை நினைத்துக்கொள்ளுங்கள். நேரே பார்த்தால் இடுக்கு வழியாக வெளிச்சம் வரும், பக்கவாட்டில் பார்த்தால் பட்டைதான் தெரியும். பெரும்பாலான ஃபில்டர்களில் நடுவிலிருந்து இந்தப் பக்கம் 30 டிகிரி, அந்தப் பக்கம் 30 டிகிரி வரைக்கும் திரை தெரியும். அதைத் தாண்டி உட்கார்ந்திருப்பவருக்குக் கறுப்பாகத்தான் இருக்கும். உங்கள் கூட்டல் நிபுணருக்கு இனி வேலை இல்லை.

ஆனால் உங்கள் தலைக்கு நேர் பின்னால் நிற்பவர் இருக்கிறாரே, அவருக்கு நீங்கள் பார்ப்பது அத்தனையும் தெரியும். ஃபில்டர் விற்பவர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருவதற்குக் காசும் வேண்டாம், பொருளும் வேண்டாம்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். '14 அங்குலம்' என்று பெட்டியில் போட்டிருப்பது மூலைக்கு மூலை அளவு. அதே 14 அங்குலத்தில் அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் இருக்கும் திரை சுமார் 31 செ.மீ. அகலம், 17.4 செ.மீ. உயரம் இருக்கும். 16:10 திரையோ 30.2 செ.மீ. அகலம், 18.8 செ.மீ. உயரம். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குப் பொருந்தாது. அதனால் கடைக்குப் போகுமுன் ஸ்கேலை வைத்து அகலம், உயரம் இரண்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டிவிடும் வகையைவிடக் கழற்றி மாட்டும் வகை நல்லது, வீட்டில் யாருக்காவது திரையைக் காட்ட வேண்டியிருக்குமே. திரை கொஞ்சம் மங்கும். அதற்காக வெளிச்சத்தை முழுசாக ஏற்றினால் பேட்டரியும் சீக்கிரம் தீரும், பக்கத்தில் இருப்பவருக்கும் லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். போனுக்கு வாங்குவதாக இருந்தால் 'நான்கு பக்கம்' என்று கேட்டு வாங்குங்கள். இடமும் வலமும் மட்டும் மறைக்கும் இரண்டு பக்க வகை, போனைக் குறுக்காகத் திருப்பிப் பார்த்தால் காலை வாரிவிடும்.

சரி, திரையை மூடிவிட்டோம். அப்புறம் உங்கள் போன் அடிக்கும். "அந்தப் பார்ட்டி மூணு தவணை கட்டல, பேரு..." என்று ஆரம்பிப்பீர்கள். ரயில் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று குரல் தானாக ஏறும். 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு' என்று சொன்ன காலத்தில் செல்போன் இல்லை, ஆனாலும் நமக்கே சொன்னது போலத்தான் இருக்கிறது. குரலுக்கு ஃபில்டர் எந்தக் கடையிலும் விற்பதில்லை. "இறங்கியதும் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

காகிதத்துக்கும் ஒரு கதை உண்டு. 2009 ஏப்ரலில் லண்டன் காவல்துறையின் உதவி ஆணையர் பாப் குவிக், பிரதமர் அலுவலகத்துக்கு ஒரு ரகசியத் தாளைக் கையில் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு நடந்து போனார். வாசலில் நின்ற புகைப்படக்காரர்களின் கேமராவில் எழுத்துகள் பதிந்துவிட்டன. பயங்கரவாதம் தொடர்பான கைது நடவடிக்கையை அவசரமாக முன்கூட்டியே நடத்த வேண்டியதாயிற்று. மறுநாள் அவர் பதவி விலகினார். ஒரு சாதாரண அட்டை ஃபைல் இருந்திருந்தால் போதும். நீங்களும் ஃபில்டரோடு அப்படி ஒன்று சேர்த்து வாங்குங்கள், ஒளி ஊடுருவாததாக. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

கேள்வி: கடைகளிலும் கிளினிக்குகளிலும் "போன் நம்பர் சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க" என்று வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கிறார்கள். மறுத்தால் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மறுக்க வேண்டாம், எழுதிக் காட்டுங்கள். போனில் டைப் செய்து காட்டி, அவர் பதிந்ததும் அழித்துவிடலாம். நான் இப்படித்தான் செய்கிறேன். ஒருமுறை ஒரு கவுண்டரில் இருந்தவர் நான் காட்டியதைப் பார்த்து, அதை அப்படியே சத்தமாக வாசித்துச் சரிபார்த்தார்! அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? "கொஞ்சம் மெதுவாக" என்று மட்டும் சொன்னேன். கடையில் வெறும் சலுகைக்காக நம்பர் கேட்டால், "கட்டாயமா?" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் இல்லை என்றுதான் பதில் வரும்.

கார்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பில்லில் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் அச்சடிப்பது காரணத்தோடுதான். முழு நம்பர், காலாவதி தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் மூன்றையும் போனில் வாய்விட்டு வாசித்தால், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர் ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளங்களில் பொருள் வாங்க அதுவே போதும்.

கேள்வி: பழைய வங்கிக் கடிதங்களைக் கிழித்துப் போட ஷ்ரெடர் வாங்கலாமா? எந்த வகை?

பதில்: நீளவாக்கில் மட்டும் கீறும் மலிவான வகை வேண்டாம். பொறுமை இருந்தால் அந்தப் பட்டைகளை ஒட்டிப் படித்துவிடலாம். குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் வகையில் 'பி-4' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு துண்டு அதிகபட்சம் 160 சதுர மி.மீ. இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஒரு ஏ4 தாள் ஏறக்குறைய 400 துண்டாகிவிடும், வீட்டுக்கு அது தாராளம். மாதத்துக்குப் பத்துத் தாள்தான் என்றால் மெஷினே வேண்டாம், பேரும் கணக்கு எண்ணும் இருக்கும் இடத்தை மட்டும் கத்தரியால் பொடியாக நறுக்கினால் போதும். பார்சல் பெட்டியின் லேபிளை மறக்காதீர்கள். அது பெரும்பாலும் சூட்டில் கறுக்கும் காகிதம். ஹேர் டிரையரைக் கொஞ்ச நேரம் பிடித்தால் பேரும் முகவரியும் கறுப்போடு கறுப்பாகப் போய்விடும்.