முதல் டூட்டிக்கு முன்னால் இன்டெம்னிட்டி எடுத்துவிடு, தம்பி

வ அலைக்கும் ஸலாம் தம்பி.

நீ கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் தேர்வு இரண்டு பகுதியும் தேறி, அங்கே டாக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஜிஎம்சியின் பதிவும் வந்து, இங்கிலாந்தில் ஒரு என்எச்எஸ் (அரசு) ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் ஃபெல்லோ என்ற இளம் டாக்டர் வேலைக்கு அடுத்த மாதம் கீழக்கரையிலிருந்து கிளம்புகிறாய். "ஆஸ்பத்திரியே இன்டெம்னிட்டி தருகிறது, எம்டியு, எம்பிஎஸ் மாதிரி அமைப்பில் தனியாகச் சேர்வது வீண் செலவு என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள், சரியா காக்கா?" இது உன் முதல் கேள்வி. (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். இன்டெம்னிட்டி என்பது வைத்தியத்தில் தவறு என்று புகாரோ வழக்கோ வந்தால் டாக்டருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு; எம்டியு, எம்பிஎஸ் அதைத் தரும் டாக்டர் சங்கங்கள்.) அதற்குப் பிறகு வாடகை, ஹலால் கறி, குளிருக்குக் கோட்டு, கார் லைசென்ஸ், உம்மாவை அழைத்துவருவது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய்.

அதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்த பத்து நாளில் தானாகத் தெரிந்துவிடும். முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன். 2004-ல் நானும் இதையேதான் கேட்டேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு மாடியறையில் ஐந்து டாக்டர்கள் தங்கியிருந்தோம். மற்ற நாலு பேரும் "அதெல்லாம் வேண்டாம், காசு மிச்சம்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. இங்கிலாந்தில் சிஎன்எஸ்டி என்றொரு பொதுத் திட்டம் 1995 முதல் இருக்கிறது. என்எச்எஸ் ஆஸ்பத்திரிகள் அதில் பணம் கட்டுகின்றன. நீ என்எச்எஸ் வேலையில் செய்த தவறுக்காக நோயாளி நஷ்டஈடு கேட்டால் அந்தத் திட்டம் கொடுக்கும், உன் சம்பளத்தைத் தொட மாட்டார்கள். இன்று என்எச்எஸ் ரெசல்யூஷன் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. இன்டெம்னிட்டி இல்லாமல் வைத்தியம் பார்க்க இப்போது சட்டம் விடாது, ஆனால் என்எச்எஸ் ஊழியருக்கு அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை இந்தத் திட்டமே போதும். குழுவில் "போதும்" என்று சொல்பவர்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

அந்தத் திட்டம் பார்த்துக்கொள்வது நோயாளிக்குப் போகிற பணத்தை மட்டும். உன் பெயருக்கு ஜிஎம்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தால், இறந்தவர் விஷயமாகக் கரோனர் (மரணக் காரணத்தை விசாரிக்கும் அதிகாரி) விசாரணைக்கு உன்னைக் கூப்பிட்டால், ஆஸ்பத்திரியே உன்மேல் விசாரணை வைத்தால், போலீஸ் வந்தால், உனக்காகப் பேச அதில் ஆள் கிடையாது. ஆஸ்பத்திரி வக்கீல் ஆஸ்பத்திரிக்கு வக்கீல். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன்.

வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், எஸ்எச்ஓ என்ற ஜூனியர் டாக்டர் வேலை, வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம். ஒரு ராத்திரி டூட்டியில், வீட்டில் விழுந்து அட்மிட் ஆன ஒரு பெரியவருக்கு இரண்டரை மணிக்கு மயக்கம் கூடியது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சீனியரான ரெஜிஸ்ட்ராரை ப்ளீப் செய்தேன், அதாவது பேஜரில் கூப்பிட்டேன், மறுபடியும் செய்தேன். அவர் கீழே எமர்ஜென்சியில் இன்னொருவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். போனில் "கவனித்துக்கொண்டிரு, வருகிறேன்" என்றார். ஸ்கேன் எடுக்கும்போது விடிந்துவிட்டது. மூளைக்கு வெளியே ரத்தக் கசிவு. இரண்டு நாளில் பெரியவர் இறந்துவிட்டார்.

நான் கேஸ் நோட்டில் பிபி எழுதினேன், கண்பாவை அளவு எழுதினேன். ரெஜிஸ்ட்ராரைக் கூப்பிட்டேன் என்று மட்டும் எழுதவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கரோனர் அலுவலகத்திலிருந்து கடிதம். ஆஸ்பத்திரியின் சட்டப்பிரிவில் கூட்டம். அந்த வக்கீல் அம்மா மரியாதையாகத்தான் பேசினார், தேநீர் கொடுத்தார். "நீங்கள் சீனியரைக் கூப்பிட்டதற்குப் பதிவு இல்லையே டாக்டர்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய கட்சிக்காரர் ஆஸ்பத்திரி. இளம் டாக்டர் ஒருவர் சீனியரைக் கூப்பிடத் தவறினார் என்று முடிந்தால் ஆஸ்பத்திரிக்கு வேலை சுலபம். கூட்டம் முடிந்து வெளியே வரும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

அன்றைக்கே ஒரு டாக்டர் பாதுகாப்பு அமைப்புக்குப் போன் செய்தேன். தாராளமாகச் சேரலாம், ஆனால் சேருவதற்கு முன்னால் நடந்த சம்பவத்துக்கு உதவ முடியாது என்றார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றின பிறகு போய்ப் படகுக்கு இன்சூரன்ஸ் கேட்டால் யார் கொடுப்பார்?

என்னைக் காப்பாற்றியது ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ். அவர் நர்சிங் குறிப்பில் "02:40, டாக்டர் ரெஜிஸ்ட்ராரை ப்ளீப் செய்தார்" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார். கரோனர் அதை ஏற்றுக்கொண்டார். பெரியவரின் மகள் ஜிஎம்சிக்கும் எழுதியிருந்தார். அது முடிய மேலும் எட்டு மாதம். வக்கீலுக்கு 4,200 பவுண்டு, தங்கச்சி கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம். நடவடிக்கை எதுவும் இல்லை என்று முடித்தார்கள். ஆனால் அந்த எட்டு மாதமும் ஒவ்வொரு வேலை விண்ணப்பத்திலும் "உங்கள்மேல் விசாரணை நிலுவையில் உள்ளதா" என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுத வேண்டியிருந்தது. வேலை போனால் விசாவும் போகும். ஊருக்குப் போன் பேசும்போது உம்மாவிடம் எதையும் சொல்லவில்லை.

அதனால் தம்பி, முதல் டூட்டிக்கு முன்னாலேயே சேர்ந்துவிடு. எம்டியு 1885-லிருந்தும் எம்பிஎஸ் 1892-லிருந்தும் ஸ்காட்லாந்தில் தொடங்கிய எம்டிடியுஎஸ் 1902-லிருந்தும் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இளம் டாக்டருக்குக் கட்டணம் குறைவுதான், அந்தச் சந்தாவுக்கு வருமான வரிக் கழிவும் உண்டு. ஒன்றைக் கவனித்துக்கொள்: இந்த மூன்றும் பரஸ்பர சங்கங்கள். வழக்கமாக இவை தருவது இன்சூரன்ஸ் பாலிசி அல்ல, உதவுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை சங்கத்திடம் இருக்கும். பெரும்பாலான டாக்டர்களுக்கு அதனால் சிக்கல் வந்ததில்லை. இருந்தாலும் தேவையில்லாத மார்பக அறுவைகள் செய்து 2017-ல் சிறைக்குப் போன இயன் பேட்டர்சன் விவகாரத்தில் இந்த ஏற்பாட்டின் ஓட்டை வெளியே வந்தது. 2020-ல் வந்த விசாரணை அறிக்கை இதைச் சீர்திருத்தச் சொன்னது. ஒப்பந்தப்படி பாலிசி தரும் கம்பெனிகளும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் நிபந்தனைகளை முழுக்கப் படி.

நம்மாட்கள் சிலர் சனிக்கிழமைகளில் தனியார் கிளினிக்கில் போடாக்ஸ் போடவும் லோக்கம் என்ற தற்காலிக வேலை பார்க்கவும் போகிறார்கள். என்எச்எஸ் ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள வேலைக்கு அந்தப் பொதுத் திட்டம் ஒரு காசு தராது. அங்கே எடுக்கிற பாலிசி பெரும்பாலும் 'வழக்கு வந்த தேதி'யைப் பார்க்கும். அதாவது நீ வேலை செய்த வருஷம் பாலிசி இருந்து, வழக்கு வருகிற வருஷம் இல்லாமல் போனால் நீ தெருவில் நிற்பாய். விட்டு விலகும்போது ரன்-ஆஃப் என்ற பின்கால பாதுகாப்பையும் சேர்த்து வாங்க வேண்டும். என்எச்எஸ் திட்டம் அப்படி இல்லை, சம்பவம் நடந்த தேதிதான் கணக்கு. பெரியவர்கள் வழக்கமாக மூன்று வருஷத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும், குழந்தைக்கு அந்த மூன்று வருஷம் பதினெட்டு வயதில்தான் தொடங்கும். இன்றைக்கு நீ பார்க்கிற பச்சைப்பிள்ளைக்கு இருபத்தோரு வயதாகும்வரை கதவு திறந்திருக்கிறது. தானாக முடிவெடுக்க முடியாத அளவுக்கு மூளை பாதிக்கப்பட்ட பிள்ளையாக இருந்தால், அந்த நிலை இருக்கும்வரை காலவரம்பே கிடையாது.

இந்த நஷ்டஈட்டுச் செலவு ஏன் இப்படி ஏறுகிறது என்று நீ யோசிக்கலாம். பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளை பாதித்த குழந்தைக்கு ஆயுள் முழுக்க ஆள், வீடு, சிகிச்சை எல்லாம் வேண்டும். அதைக் கணக்குப் போட்டு மொத்தமாகக் கொடுக்கும்போது, அந்தப் பணத்தை முதலீடு செய்தால் என்ன வருமானம் வரும் என்று ஒரு விகிதத்தைக் கழிப்பார்கள். 2017-ல் அரசு அந்த விகிதத்தை 2.5 சதவீதத்திலிருந்து மைனஸ் 0.75-க்கு இறக்கியது. ஒரே நாளில் பெரிய வழக்குகளின் தொகை வெகுவாகக் கூடியது. 2019-ல் மைனஸ் 0.25, 2025 ஜனவரியில் பிளஸ் 0.5 என்று கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஆனாலும் 2023-24-ல் மட்டும் என்எச்எஸ் ரெசல்யூஷன் கொடுத்தது சுமார் 280 கோடி பவுண்டு. இனி கொடுக்க வேண்டி வரும் என்று கணக்கில் வைத்திருப்பது 5,800 கோடி பவுண்டுக்கு மேல். அதில் பெரும்பங்கு பிரசவ வழக்குகளுக்கு.

நான் ஜிபி (குடும்ப டாக்டர்) ஆன பிறகு அந்தச் சூட்டை நேராகவே உணர்ந்தேன். குடும்ப டாக்டர்கள் அப்போது சொந்தக் காசில் கட்ட வேண்டும். வருஷா வருஷம் கட்டணம் ஏறியதில் ராத்திரி, வார இறுதி வேலைகளைப் பலர் விட்டுவிட்டார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் ஜிபிக்களுக்கும் அரசுத் திட்டம் வந்தது. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஆனால் என் தனிச் சந்தாவை நான் நிறுத்தவில்லை.

வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது கூடுதலாகவே தேவை. ஜிஎம்சி கேட்டுச் செய்யப்பட்டு 2019-ல் வந்த ஆய்வு ஒன்று, வெள்ளையர் அல்லாத டாக்டர்களை ஆஸ்பத்திரிகள் ஜிஎம்சிக்குப் புகார் செய்வது இரண்டு மடங்கு என்றும், வெளிநாட்டில் படித்தவர்களை இரண்டரை மடங்கு என்றும் சொன்னது. லெஸ்டரில் 2011-ல் செப்சிஸ் என்ற கடும் நோய்த்தொற்றில் இறந்த ஆறு வயதுப் பையன் ஜாக் அட்காக்கின் வழக்கை நீ படித்திருப்பாய். ஆள் பற்றாக்குறை, கம்ப்யூட்டர் கோளாறு என்று அன்று பல ஓட்டைகள். அன்று அவனைப் பார்த்த டாக்டர் பாவா-கர்பாவுக்கு 2015-ல் குற்றத் தீர்ப்பு, 2018 ஜனவரியில் பதிவிலிருந்து பெயர் நீக்கம், அதே ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்த்தது. அந்தப் பையனின் பெற்றோருக்கு எந்தத் தீர்ப்பும் ஆறுதல் தந்திருக்காது. டாக்டரின் நிலை, பெற்றோரின் நிலை இரண்டையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

நம்மவர்கள் பலரிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. புகார் வந்தால் மானப் பிரச்சினையாக எடுத்து மூடிவைப்பார்கள். கூட வேலை பார்க்கும் தமிழ் டாக்டருக்குக்கூடத் தெரியாது. கடைசி நாளில் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் வரும்: "அண்ணே, நாளைக்கு விசாரணை." மலையாளி நர்ஸ்கள் அப்படி இல்லை, ஒருத்தருக்கு ஒன்று என்றால் பத்துப் பேர் கூடி வழி சொல்வார்கள். கடிதம் வந்த அன்றே உன் அமைப்புக்குப் போன் செய். நீயாக ஒரு வரிகூடப் பதில் எழுதாதே. தவறு கண்ணில் பட்டால் டேட்டிக்ஸ் என்ற ஆஸ்பத்திரிச் சம்பவப் பதிவு முறையில் பதிவு செய்யத் தயங்காதே. யாரைக் கூப்பிட்டாய், எத்தனை மணிக்கு, அவர் என்ன சொன்னார், இந்த மூன்றையும் நோட்டில் எழுது.

"ஸாரி சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி" என்றும் அந்தக் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. மன்னிப்புக் கேட்பது மட்டுமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று 2006-லேயே அங்கே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். நோயாளிக்குத் தீங்கு நடந்தால் அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதை 2014-ல் ஆஸ்பத்திரிகளுக்குச் சட்டக் கடமையாகவும் ஆக்கினார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1998-ல் வாப்பாவுக்கு நெஞ்சுவலி. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வாசலிலேயே பார்த்துவிட்டு "மதுரைக்குக் கொண்டுபோங்கள்" என்றார். நூறு கிலோமீட்டருக்கு மேல். டாக்டர் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வழக்குக்குப் பயந்தாரா, சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து கண்ணாடியை உடைப்பார்கள் என்று பயந்தாரா, கருவி இல்லையா, எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு ஊசி போட்டாரா இல்லையா என்றுகூட யாரும் சொல்லவில்லை. பரமக்குடி தாண்டியதும் வாப்பா போய்விட்டார். வண்டியைத் திருப்பச் சொன்னேன். அப்போது நான் இரண்டாம் வருஷ மாணவன்.

கரோனர் விசாரணை முடிந்த அன்று அந்தப் பெரியவரின் மகள் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். பேசாதே என்றுதான் அறைத்தோழர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போய் "உங்கள் அப்பாவுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன்" என்றேன். "இதை முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் நான் எங்கேயும் எழுதியிருக்க மாட்டேன்" என்றார்.

இப்போது விடுமுறைக்கு ஊரில்தான் இருக்கிறேன். 2022 முதல் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நேற்று அந்த வழியாகப் போனபோது வெள்ளைக் கோட்டோடு பிள்ளைகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

மற்றக் கேள்விகளுக்கு: கோட்டு அங்கே போய் வாங்கு, இங்கே கிடைப்பது அந்தக் குளிருக்குத் தாங்காது. உம்மாவிடம் ஓட்டுமாவு செய்து தரச் சொல், ராத்திரி டூட்டி முடிந்து வந்து சாப்பிட அதைவிட நல்லது எதுவும் இல்லை. எந்தத் துறையில் சேர்கிறாய் என்று நீ எழுதவில்லை. பிரசவ வார்டு என்றால் கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்கு வா. அதற்கு இன்னும் சில விஷயம் நேரில் சொல்ல வேண்டும். இருபதாம் தேதி வரை இருப்பேன்.